டெஸ்ட் ஃப்ரேம்வேர்க்கின் ஒப்ஷன்களை எங்கே எழுதிவைப்பது?

மென்பொருள் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் ஒரு டெஸ்ட் ஃப்ரேம்வேர்க்கில் பத்து ஒப்ஷன் (கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் தெரிவு) இருக்கும்வரை ஆவணத்தைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. மறந்துபோனால் பக்கத்து மேசையில் கேட்டால் சரி. எண்ணிக்கை கூடக் கூடத்தான், ஒரே ஒப்ஷன் ரீட்மீயில் ஒரு விதமாகவும் விக்கியில் இன்னொரு விதமாகவும் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட மெசேஜில் மூன்றாவது விதமாகவும் கிடப்பது தெரியவரும்.

கொக்குவிலில் இருந்து வேலை செய்யும் எங்கள் சிறிய அணி இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறது. பைதன் மொழிக்கான பைடெஸ்ட் என்ற டெஸ்ட் ஃப்ரேம்வேர்க்கின் மேலே எங்கள் தேவைக்குச் சில ப்ளகின்களை (மேலதிக வசதி சேர்க்கும் துண்டுகளை) எழுதி, அதைத்தான் "எங்கடை ஃப்ரேம்வேர்க்" என்று சொல்லிக்கொள்கிறோம். பாவிப்பவர்களில் எழுதிய நாங்கள் ஒரு பகுதி. ரிலீசுக்கு முன்னர் ஓட்டிப் பார்க்கும் கொழும்பு கியூஏ (தரச் சோதனை) ஆட்கள் இன்னொரு பகுதி. மிச்சம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் இருந்தும் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பொறியியல் பீடத்தில் இருந்தும் இன்டேர்ன்ஷிப்புக்கு வரும் பிள்ளைகள். இவ்வளவு பேருக்கும் ஒப்ஷன்களை எந்த முறையில் ஆவணப்படுத்துவது என்று முடிவெடுக்க வேண்டும். என் பக்கத்தை முதலே சொல்லிவிடுகிறேன்: ஒப்ஷன் பட்டியல் ப்ரோகிராம் கோட்டில் இருந்து தானாக வரட்டும், எங்கள் நேரத்தைப் பாவிக்கிற விதத்தை எழுதச் செலவழிப்போம். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் மற்ற வழிகளையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அவற்றைப் பாவிக்கும் ஃப்ரேம்வேர்க்குகள் ஒன்றும் சாமானியமானவை இல்லை.

முதலாவது வழி, ஒன்றுமே எழுதாமல் --ஹெல்ப் (கட்டளையோடு கொடுத்தால் எல்லா ஒப்ஷனையும் திரையில் காட்டுவது) மட்டும் போதும் என்று விடுவது. சோம்பேறித்தனமாகத் தெரிந்தாலும் இதற்கு ஒரு பெரிய பலம் உண்டு. இணையப் பக்கம் பெரும்பாலும் புதிய வேர்ஷனைத்தான் காட்டும். உங்கள் மெஷினில் இருப்பது ஆறு மாதம் பழையதாக இருக்கலாம். --ஹெல்ப் சொல்வது உங்கள் மெஷினில் இருக்கிறதைப் பற்றி மட்டும்தான். இணைப்பும் தேவையில்லை. எல்லா ப்ரோகிராமும் --ஹெல்ப், --வேர்ஷன் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று குனூ என்ற சுதந்திர மென்பொருள் திட்டத்தின் கோடிங் நெறிமுறை கேட்பது சும்மா இல்லை.

ஆனால் ஒவ்வொரு ஒப்ஷனுக்கும் அதில் வரும் அந்த ஒற்றை வரி எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் --ரீட்ரை ஒப்ஷனை எடுங்கள். பழைய வரி "மீள முயற்சிக்கும் எண்ணிக்கை" என்று மட்டும் சொன்னது. 3 என்று கொடுத்தால் டெஸ்ட் மொத்தமாக மூன்று தடவை ஓடுமா, முதல் ஓட்டத்தோடு சேர்த்து நான்கா? ஒன்றும் கொடுக்காவிட்டால் என்ன? டெஸ்ட் தோற்றால் மட்டும்தானா, டெஸ்டுக்கு முந்திய ஆயத்தமான செட்டப்பில் எரர் வந்தாலுமா? இப்போது அதே இடத்தில் இருப்பது: "தோற்ற டெஸ்டை மேலதிகமாக எத்தனை தடவை ஓட்டலாம். முதல் ஓட்டம் கணக்கில் இல்லை. செட்டப் எரருக்குப் பொருந்தாது. இயல்பு: 0." நான்கு சின்ன வசனம்தான். அந்த வரி மாறிய பிறகு கொழும்பில் இருந்து அதைப் பற்றிக் கேள்வி வரவில்லை. எந்த முறையைத் தெரிவு செய்தாலும் இந்த வேலையை யாரோ செய்துதான் ஆக வேண்டும். கருவி மாற்றினால் எழுத்து திருந்தும் என்று நம்புகிற ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

--ஹெல்ப் மட்டும் என்றால் எங்கே உடைகிறது? நீளத்தில். பைடெஸ்டில் -கே என்ற ஒப்ஷனின் விளக்கத்தைப் பாருங்கள். பெயரில் ஒரு பகுதி பொருந்தும் டெஸ்டுகளை மட்டும் ஓட்டுவதற்கு அது. ஆண்ட், ஓர், நொட் போட்டு எழுதலாம், க்ளாஸ் பெயரும் பொருந்தும், பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் இல்லை. இவ்வளவையும் ஹெல்ப்பிலேயே சொல்லப் போய் அது ஒரு முழுப் பந்தியாகிவிட்டது. டேர்மினலில் அந்தப் பந்தியை ஒருவரும் வாசிப்பதில்லை. கண் அதைத் தாண்டி அடுத்த ஒப்ஷனுக்குப் போய்விடும். சி பிளஸ் பிளஸ் மொழிக்கான கூகுள் டெஸ்ட் ஃப்ரேம்வேர்க்கில் டெஸ்டுகளைத் தெரிவு செய்யும் ஃபில்டரும் இப்படித்தான். நட்சத்திரக் குறி, கேள்விக்குறி, பிரிப்பதற்கு முக்காற்புள்ளி, விலக்குவதற்குக் கழித்தல் குறி என்று அது ஒரு குட்டி மொழி. ஒரு மொழியை ஹெல்ப் வரியில் படிப்பிக்க ஏலாது.

இரண்டாவது வழி, கையால் எழுதிய பக்கம். இதற்கு நல்ல மாதிரி சி பிளஸ் பிளஸ் உலகில் இருக்கும் கேட்ச்2. அதன் கட்டளைவரிப் பக்கம் ஒரு மார்க்டவுன் கோப்பு. ஒவ்வொரு ஒப்ஷனுக்கும் தனித் தலைப்பு, விளக்கம், உதாரணம். ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதிய எழுத்து என்பது வாசிக்கும்போதே தெரியும். எங்கள் அணியில் இரண்டு பேர் இந்த முறைதான் வேண்டும் என்று நின்றார்கள், அவர்கள் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. தானாக உருவான பட்டியல் எதையும் தொடர்புபடுத்திச் சொல்லாது. -எக்ஸ் என்பதும் --மாக்ஸ்ஃபெயில் 1 என்பதும் ஒன்றுதான் என்று பட்டியலை வைத்து ஒரு புதுப்பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? "அண்ணா, -எக்ஸ் போட்டா ஏன் ஒரு டெஸ்டோட எல்லாம் நிண்டுபோகுது?" என்று கேட்கிற பிள்ளைக்குத் தேவை ஒரு வரி வரைவிலக்கணம் இல்லை. எப்போது அதைப் போடுவது, எப்போது போடாமல் விடுவது என்பதுதான் அதற்குத் தேவை.

கையால் எழுதும் முறையின் கேடு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கோட் மாறும், பக்கம் மாறாது. ஆனால் பைடெஸ்ட் போன்ற ஒன்றுக்கு இது மற்ற மென்பொருட்களை விட மோசம் என்பதை நாங்கள் போதுமான அளவு யோசிப்பதில்லை. இங்கே ஒப்ஷன்கள் ஒரே இடத்தில் பிறப்பதில்லை. எந்த ப்ளகினும் பைடெஸ்ட்-ஆட்ஒப்ஷன் என்ற ஹூக் (பைடெஸ்ட் தானாகக் கூப்பிடும் ஃபங்ஷன்) மூலம் புதிய ஒப்ஷனைச் சேர்க்கலாம். ப்ரொஜெக்டுக்குள் வைக்கும் கொன்ஃப்டெஸ்ட் என்ற அமைப்புக் கோப்பும் சேர்க்கலாம். அதனால் --ஹெல்ப் தரும் பட்டியலே, நீங்கள் எந்த ஃபோல்டரில் நின்று ஓட்டுகிறீர்கள், எந்த ப்ளகின் இன்ஸ்டோல் ஆகியிருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். உள் ஃபோல்டர் ஒன்றின் கொன்ஃப்டெஸ்டில் ஒப்ஷன் ஒன்றைச் சேர்த்துவிட்டு, வெளி ஃபோல்டரில் நின்று ஓட்டினால், "இப்படி ஒரு ஆர்கியூமென்ட் தெரியாது" என்று திருப்பி அனுப்பிவிடும். ஆரம்பத்திலேயே வாசிக்கப்படும் கொன்ஃப்டெஸ்ட்களில்தான் அந்த ஹூக் கணக்கில் எடுக்கப்படும். இப்படி ஆளுக்காள் வேறுபடும் பட்டியலைக் கையால் எழுதினால், அது யாருடைய மெஷினின் பட்டியல்?

மூன்றாவது வழிக்கு வருவோம். கோட்டில் இருக்கும் ஹெல்ப் எழுத்தையே எடுத்து இணையப் பக்கமாக்குவது. பைடெஸ்டே இதைத்தான் செய்கிறது. அதன் குறிப்புதவிப் பக்கத்தின் கடைசியில் முழு --ஹெல்ப் வெளியீடும் அப்படியே இருக்கிறது, கருவி ஒன்றை ஓட்டி அதைப் புதுப்பிக்கிறார்கள். ஆவணப் பக்கங்களை உருவாக்கும் ஸ்ஃபிங்ஸ் கருவியைப் பாவிப்பவர்களுக்கு, ஆர்க்பார்ஸ் என்ற பைதன் நூலகத்தின் பார்சரை (கட்டளைவரி ஒப்ஷன்களைப் பிரித்தறியும் பகுதியை) நேரே வாசித்து ஒவ்வொரு ஒப்ஷனையும் தனிப் பதிவாக்கித் தரும் நீட்சிகள் இருக்கின்றன. அதில் ஒரு நன்மை: வேறு பக்கத்தில் ஓர் ஒப்ஷனைக் குறிப்பிட்டால் லிங்க் விழும், அந்த ஒப்ஷன் பிறகு நீக்கப்பட்டால் பில்டில் எச்சரிக்கை வரும், எச்சரிக்கையை எரராக எடு என்று சொல்லிவிட்டால் பில்டே தோற்றுவிடும்.

இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்தது கோ மொழிக்காரர் செய்த வேலை. கோ கட்டளையின் முழு உதவி எழுத்தும் ஆல்டொக்ஸ் என்ற ஒரு கோப்பில் தொகுக்கப்பட்டிருக்கிறது. கையால் தொடாதே என்று தலையில் எழுதியிருக்கும். அது காலாவதியாகாமல் பார்ப்பது ஒரு டெஸ்ட். உதவி எழுத்தை மாற்றிவிட்டு அந்தக் கோப்பைத் திரும்ப உருவாக்க மறந்தால் டெஸ்ட் தோற்கும். டெஸ்ட் ஃப்ரேம்வேர்க் கட்டுகிற ஆட்கள் தங்கள் சொந்த ஆவணத்துக்கு டெஸ்ட் எழுதாமல் இருப்பதற்கு இதைப் பார்த்த பிறகு என்ன சாட்டுச் சொல்வது?

சரி, இதை எங்கள் பக்கம் கொண்டுவரும்போது ஒரு சிக்கல் உண்டு. பைதனின் ஆர்க்பார்ஸ் தரும் ஹெல்ப் வெளியீடு பைதன் வேர்ஷனுக்கு வேர்ஷன் மாறும். 3.10 இல் "ஒப்ஷனல் ஆர்கியூமென்ட்ஸ்" என்ற தலைப்பு வெறும் "ஒப்ஷன்ஸ்" ஆனது. 3.13 இல், குறுகிய பெயர் நீண்ட பெயர் இரண்டின் பின்னாலும் வந்துகொண்டிருந்த மதிப்பின் பெயர் கடைசியில் ஒரு தடவை மட்டும் வரத் தொடங்கியது. 3.14 இல் டேர்மினலில் நிறமும் சேர்ந்தது. இவை போதாதென்று, டேர்மினலின் அகலத்தைப் பார்த்து வரிகளை மடிக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. அதனால் ஒப்பிடும் டெஸ்ட் ஒருவரின் லாப்டொப்பில் பச்சை (வெற்றி), மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் சிஐ மெஷினில் சிவப்பு (தோல்வி). ஒருவரும் ஒரு ஒப்ஷனையும் தொட்டிருக்க மாட்டார்கள். மருந்து சுலபம்: ஒப்பிடும் டெஸ்டை ஒரே ஒரு பைதன் வேர்ஷனில் மட்டும் ஓட்டுவது, கொலம்ஸ் என்ற சூழல் மாறியை 80 என்று நிலைப்படுத்துவது. அல்லது ஹெல்ப் எழுத்தை ஒப்பிடாமல், பார்சருக்குள் இருக்கும் ஒப்ஷன் பெயர்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது. நான் இரண்டாவதையே விரும்புகிறேன். அது வெறும் அலங்கார மாற்றத்துக்குக் கத்தாது.

நான்காவது வழி, எழுத்தில் இருந்தே பார்சரை உருவாக்குவது. மேலே சொன்னதற்கு நேர் எதிர்த்திசை. டொக்ஒப்ட் என்ற நூலகம் இதைப் பிரபலமாக்கியது: நீங்கள் ஹெல்ப் எழுத்தை ஒழுங்காக எழுதினால் அதுவே பார்சர். ரோபோட் ஃப்ரேம்வேர்க்கும் உள்ளே இதே பாணிதான். ரோபோட் கட்டளையின் நீண்ட உபயோகக் குறிப்பை வாசித்துத்தான் எந்தெந்த ஒப்ஷன்கள் உண்டு என்று அது அறிந்துகொள்கிறது. அழகான யோசனை. எழுதாத ஒப்ஷன் வேலையே செய்யாது என்பதால் ஆவணம் பின்தங்க வழியே இல்லை. ஆனால் எங்களுக்குச் சரிவராது. ஒப்ஷன்கள் பல ப்ளகின்களில் இருந்து வந்து சேரும்போது, அந்த ஒற்றை எழுத்துத் துண்டு யாருடைய கோப்பில் இருப்பது? ஒரே ஆள் கையில் முழுக் கட்டளையும் இருக்கும் கருவிக்கு இது பொருந்தும்.

டேர்மினலிலேயே வாசிக்கும் கையேடான மேன் பக்கத்தைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. லினக்ஸில் வேலை செய்பவருக்கு அது பழகிய வீடு. எங்கள் இன்டேர்ன்களில் பெரும்பாலானோர் விண்டோஸ் லாப்டொப்போடு வருகிறார்கள். யாராவது பிடிவாதமாகக் கேட்டால் ஹெல்ப்2மேன் என்ற குனூ கருவி --ஹெல்ப், --வேர்ஷன் இரண்டையும் வாசித்து ஒரு மேன் பக்கத்தைச் செய்து தரும். முறையான பழைய வடிவம் என்பதற்காக, மேன் பக்கங்கள் எழுதப்படும் ட்ரொஃப் என்ற குறிமொழியைப் பழகச் சொல்ல மாட்டேன்.

இனித் தமிழ். இதைத்தான் நாங்கள் அதிக நேரம் கதைத்தோம். பிள்ளைகள் தமிழில் கேள்வி கேட்கிறார்கள், தமிழில்தான் விளங்கப்படுத்துகிறோம், அப்படியானால் --ஹெல்ப்பையே தமிழில் தரலாமே என்று ஒரு அக்கா கேட்டார். ஆசையான யோசனைதான். நான் வேண்டாம் என்றேன். பழைய விண்டோஸ் கொன்சோலில் தமிழ் பெட்டி பெட்டியாக வரும். லினக்ஸ் டேர்மினல்களிலும் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்பது சாதாரணம். ஆர்க்பார்ஸ் வரியை மடிக்கும்போது யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. "கோ" என்று கண்ணுக்குத் தெரியும் ஒரு எழுத்து அதற்கு இரண்டு. அதனால் வரிகள் கண்ட இடத்தில் மடியும். அதோடு, எரர் மெசேஜைத் தேடுபொறியில் போடும்போது ஆங்கில வரிதான் பதில் கொண்டுவரும்.

தமிழ் இருக்க வேண்டிய இடம் உதாரணப் பக்கம். டிஎல்டிஆர் பக்கங்கள் என்ற திட்டம் இதை நன்றாகச் செய்கிறது. ஒரு கட்டளைக்கு அதிகம் போனால் எட்டு உதாரணம், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு வரி. அதில் தமிழ் மொழிபெயர்ப்புக்கும் தனிக் கோப்புறை இருக்கிறது. எங்கள் பக்கத்தையும் அதே அச்சில் எழுதலாம்: "போன தடவை தோற்றதை மட்டும் திரும்ப ஓட்ட", "முதல் தோல்வியோடு நிறுத்த", "எந்த டெஸ்ட் அதிக நேரம் எடுக்கிறது என்று பார்க்க". வேலையைத் தமிழில் சொல்லி, கட்டளையை உள்ளபடி கீழே வைப்பது. ஒப்ஷனின் பெயரை வைத்துத் தேடுவது பழகிய ஆள்தான். புதுப்பிள்ளை தான் செய்ய நினைக்கிற வேலையை வைத்துத்தான் தேடும். முழுப் பட்டியலுக்கும் தமிழ் வேண்டும் என்றால் ஸ்ஃபிங்ஸில் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு வழி இருக்கிறது. மூல வரி மாறினால் அதன் மொழிபெயர்ப்பில் திரும்பப் பார்க்க வேண்டும் என்ற ஐயக்குறி விழும். சரிபார்க்கும்வரை அந்த வரி ஆங்கிலத்தில் வரும். பழைய தமிழ் வரி பிழையான தகவலோடு நிற்பதை விட அது மேல். ஆனால் இப்போதைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

உதாரணங்களை எழுதும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, மேற்கோள் குறி. -கே ஒப்ஷனுக்கு ஒற்றை மேற்கோளுக்குள் கொடுத்த உதாரணம் லினக்ஸில் ஓடும், விண்டோஸின் சாதாரணக் கமாண்ட் ப்ரொம்ப்டில் ஓடாது. இரட்டை மேற்கோள் இரண்டிலும் ஓடும். அப்படியானால் எல்லா உதாரணத்திலும் இரட்டையே. மற்றது, இரட்டைக் கோடு. ஸ்ஃபிங்ஸ் சாதாரண வசனத்துக்குள் வரும் இரண்டு கழித்தல் குறியை அச்சு அழகுக்காக ஒரே நீண்ட கோடாக மாற்றிவிடும். ஐபோன் கீபோர்டும் அதையே செய்யும். பார்வைக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கொப்பி பண்ணி ஒட்டினால் ஃப்ரேம்வேர்க் அதை ஒப்ஷனாகவே எடுக்காது, அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று சொல்லும். ஒப்ஷன் பெயரைக் கோட் வடிவத்துக்குள் மட்டும் எழுதுவது என்ற விதியை வைத்துவிட்டால் பக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதை யார் கட்டுப்படுத்துவது?

எந்த ஜெனரேட்டரும் தராத சிலவும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். முதலாவது, எது எதை மீறும் என்ற வரிசை. பைடெஸ்டில் கொன்ஃபிக் கோப்பின் ஆட்ஒப்ட்ஸ் (ஒவ்வொரு ஓட்டத்திலும் தானாகச் சேரும் ஒப்ஷன்கள்) முதலில், பிறகு பைடெஸ்ட்-ஆட்ஒப்ட்ஸ் சூழல் மாறி, கடைசியில் நீங்கள் தட்டச்சு செய்தது. முரண்பட்டால் கடைசியாக வந்ததே செல்லும். "நான் -வி போடவே இல்லை, ஏன் இவ்வளவு எழுத்து வருது?" என்ற கேள்விக்கு (-வி என்பது விரிவாகக் காட்டச் சொல்லும் ஒப்ஷன்) பதில் பெரும்பாலும் கொன்ஃபிக் கோப்பில்தான் கிடக்கும். இரண்டாவது, ஓட்டம் முடியும்போது கட்டளை திருப்பித் தரும் வெளியேறும் எண்கள். 0 என்றால் எல்லாம் சரி, 1 என்றால் ஏதோ தோற்றது, 2 இடையில் நிறுத்தப்பட்டது, 3 உள் எரர், 4 கட்டளையைப் பாவித்த விதம் பிழை, 5 ஒரு டெஸ்டும் சிக்கவில்லை. அந்த 5 முக்கியம். -கே இல் ஒரு எழுத்துப் பிழை விட்டால் வருவது அதுதான். சிஐ ஸ்க்ரிப்ட் எழுதுகிற ஆளுக்கு இது ஒப்ஷன்களை விட அவசரமான தகவல்.

ஆக, நான் அணிக்கு எழுதிக் கொடுத்த முன்மொழிவு இப்படி இருக்கிறது. ஹெல்ப் வரிகளை முதலில் திருத்துவது. புதிய ஒப்ஷனோடு வரும் புல் ரிக்வெஸ்டில் (கோட் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையில்) அலகு, இயல்பு மதிப்பு, எதற்குப் பொருந்தாது என்ற மூன்றும் இல்லாவிட்டால் ரிவியூவில் திருப்பி அனுப்புவது. பட்டியல் பக்கத்தை ஸ்ஃபிங்ஸ் பார்சரில் இருந்து எடுக்கட்டும், பெயர்களை மட்டும் ஒப்பிடும் டெஸ்ட் ஒன்று சிஐயில் காவல் நிற்கட்டும். ப்ளகின் ஒவ்வொன்றும் தன் பகுதியைத் தன் பெயரில் தனிக் குழுவாகக் காட்ட வேண்டும். அப்போது எந்த ஒப்ஷன் எங்கிருந்து வந்தது என்று ஹெல்ப்பிலேயே தெரியும். உதாரணப் பக்கத்தைத் தமிழில் கையால் எழுதுவது, அதற்கு ஒருவர் பொறுப்பு. கேட்ச்2 மாதிரி வேண்டும் என்று நின்ற இரண்டு பேரிடமே அந்தப் பக்கத்தைக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் கேட்டது அதுதான், எழுதவும் நன்றாக வரும்.

இன்னும் முடிவாகாதது மறைக்கப்பட்ட ஒப்ஷன்கள். பழைய பெயரில் ஓர் ஒப்ஷன் வேலை செய்துகொண்டே இருக்கும், ஆனால் சப்ரஸ் என்று போட்டு ஹெல்ப்பில் இருந்து எடுத்திருப்போம். அதனால் பட்டியலிலும் வராது. ஒருவரின் பழைய ஸ்க்ரிப்டில் அதைக் கண்ட பிள்ளை எங்கே தேடினாலும் கிடைக்காது. என் விருப்பம், பழைய பெயர் பாவித்தவுடன் புதிய பெயரைச் சொல்லும் எச்சரிக்கை ஒன்றும், மாற்றக் குறிப்பில் எந்த வேர்ஷனோடு அது போகும் என்ற ஒரு வரியும். மற்றவர்கள் பட்டியலிலேயே கீழே தனியாகப் போடலாம் என்கிறார்கள். அடுத்த ரிலீசுக்கு முன் இதைத் தீர்க்க வேண்டும், ஏனென்றால் --ரீட்ரையின் பழைய பெயர் இன்னும் கொழும்பு ஸ்க்ரிப்டுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.